கொனோப்காவின் ஈக்கள்

2017 அக்டோபரில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் அறிவிக்கப்பட்டது. உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின் பொறிமுறையைக் கண்டதற்கான பரிசு. அந்தக் கடிகாரத்தின் முதல் மரபணுவைப் பிடித்த இருவர் அப்போது உயிரோடு இல்லை. சீமோர் பென்சர் 2007-இல் இறந்துவிட்டார். ரான் கொனோப்கா 2015-இல். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது, சரி. ஆனால் உயிரோடு இருந்தபோது கொனோப்காவுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பென்சரை நான் 'எங்க ஆளு' என்று சொல்லிக்கொள்வேன். பர்டூ பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடாருக்காக ஜெர்மானியம் படிகங்களோடு மல்லுக்கட்டியவர். சில்லு தொழிற்சாலையில் வேலை செய்யும் எனக்கு அந்த உறவு போதும். பிறகு வைரஸ்களின் மரபணுவுக்குத் தாவினார். தன் இரண்டு மகள்களும் குணத்தில் இவ்வளவு வேறுபடுகிறார்களே என்று யோசித்து, நடத்தைக்கும் மரபணு உண்டா என்று தேடக் கிளம்பினார். தேடிய இடம் வாழைப்பழத்தில் மொய்க்கும் பழ ஈ.

உள்கடிகாரம் என்ற எண்ணம் பழையது. 1729-இலேயே பிரெஞ்சுக்காரர் தெ மெய்ரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடியை இருட்டில் வைத்தும் அது நேரத்துக்கு இலை விரிப்பதைக் கண்டார். ஆனால் அந்தக் கடிகாரத்தை ஒரே ஒரு மரபணுவைத் தட்டிக் கெடுக்க முடியும் என்று நம்பியவர்கள் குறைவு. கால்டெக்கில் பென்சரின் மாணவரான கொனோப்கா சும்மா முயன்று பார்த்தார். ஆண் ஈக்களுக்கு டிஎன்ஏவைச் சிதைக்கும் வேதிப்பொருளைக் கொடுத்தார். அவற்றின் சந்ததியைத் தனித்தனிப் போத்தல்களில் வளர்த்தார். பழ ஈ கூட்டுப்புழுவை உடைத்து வெளிவருவது பெரும்பாலும் விடியலை ஒட்டித்தான். கொனோப்கா தேடியது தப்பான நேரத்தில் வரும் ஈக்களை. எந்தக் கருவியும் வேண்டாம். எண்ணுவதற்குப் பொறுமை போதும்.

மூன்று வகை சிக்கின. ஒன்றுக்கு நாளே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வெளிவந்தது. இன்னொன்றுக்கு ஒரு நாள் 19 மணி நேரம். மூன்றாவதுக்கு 28. இதில் என்னை உலுக்குவது அடுத்த தகவல்: மூன்று பிறழ்வும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தில் இருந்தன. வேகம் கூட்ட, குறைக்க, நிறுத்த ஒரே குமிழ்! அதற்கு 'பீரியட்' என்று பெயர் வந்தது.

நோபல் மூவரும் 1984-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு அது இயங்கும் விதம் புலப்பட்டது: மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது, புரதம் இரவில் சேர்ந்து உயிரணுக்கருவுக்குள் போய்த் தன் மரபணுவையே அணைக்கிறது, புரதம் சிதைந்ததும் மறுபடி ஆரம்பம். தாமதத்தோடு வேலை செய்யும் தெர்மோஸ்டாட் மாதிரி, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மனிதரிலும் இதன் உறவு மரபணுக்கள் உண்டு. 2001-இல், மாலையிலேயே தூங்கி விடியலுக்கு முன்பே எழும் ஒரு குடும்பத்தில் அப்படி ஒரு மரபணு பிறழ்ந்திருப்பது தெரிந்தது. 'ராத்திரி ஷிப்ட் ஆளத் திங்குதுடா' என்று அப்பா சொல்வார். மூன்றாவது இரவு, விடியற்காலை நாலு மணிக்கு, தின்னும் வாய் எது என்று இப்போது எனக்குத் தெரியும்.

பென்சர் ஈக்களை விடவில்லை. 1998-இல், 77 வயதில், சராசரி ஆயுள் சுமார் 35 சதவீதம் கூடிய ஈ வகையை அவரது குழு வெளியிட்டது. பைபிளில் 969 ஆண்டு வாழ்ந்த மெதுசேலாவின் பெயரையே மரபணுவுக்கு வைத்தார்கள். வெப்பத்தையும் பட்டினியையும்கூட அந்த ஈக்கள் நன்றாகத் தாங்கின. கடிகாரத்தைத் தேடிய அதே வழிதான்: கெடுத்துப் பார், எது மாறுகிறது என்று கவனி.

கொனோப்கா கால்டெக்கிலேயே ஆசிரியரானார். ஆய்வுகள் செய்தார், எழுதத்தான் மாட்டார். வெளியீடுகள் போதவில்லை என்று நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. பிறகு நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்சன் பல்கலைக்கழகம், அங்கும் மறுப்பு. அதோடு ஆய்வு உலகத்தை விட்டே போனார். கட்டுரைகளை எண்ணி ஆளை எடைபோடும் முறைக்கு ஒரு நியாயம் உண்டு, எல்லோரையும் வேறெப்படி அளப்பது என்பார்கள். ஒரு துறையையே திறந்துவிட்டவரை அந்தத் தராசில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை.

1971-இல் வந்த அந்தக் கட்டுரை ஐந்தே பக்கம். தலைப்பு, 'பழ ஈயின் கடிகாரப் பிறழ்வுகள்'. முதல் பெயர் கொனோப்கா, அடுத்தது பென்சர். வேறு பெயர் இல்லை.