பச்சையப்பர் விட்டுச் சென்ற பொருள்

காஞ்சி ஏகாம்பரநாதர் கோவிலின் தூண் ஒன்றில் குதிரைமேல் அமர்ந்த மனிதர் ஒருவரின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அவர் பச்சையப்ப முதலியார். சென்னையிலிருந்து நாள்தோறும் குதிரையேறி வந்து வழிபட்டார் என்பர். தொலைவை எண்ணின் நமக்கு நம்பிக்கை வரவில்லை. ஆயினும் இக்கோவிலுக்கு அவர் பெரும்பொருள் செலவிட்டார் என்பதில் ஐயமில்லை.

1754-இல் பிறந்தவர்; பிறக்குமுன்னரே தந்தையை இழந்தவர். ஆதரவற்ற தாய்க்கு அடைக்கலம் தந்த நாராயண பிள்ளையே அவரை வளர்த்து வணிகத்தில் ஈடுபடுத்தினார். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையே பேச்சும் பணமும் கைமாற நின்ற 'துபாஷி' என்னும் தொழிலே அவரைச் செல்வராக்கியது. தஞ்சைச் சீமையிலும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் இருந்தது. வரி கட்டக் கடன், கடனுக்கு வட்டி என்பதே அக்காலத்துத் துபாஷிகளின் வழக்கம். அவ்வட்டியின் சுமை இறுதியில் உழவன் தோளில் இறங்கியதை நாம் மறைத்தல் ஆகாது.

1794 மார்ச் 22-இல் உயில் எழுதினார்; ஒன்பதாம் நாள் திருவையாற்றில் உயிர் நீத்தார். வயது நாற்பது. கோவில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்குமே பொருளை எழுதி வைத்தார். இதைப் பலர் அறியார்!

பின்னர் வழக்குகள். உரியவர், உரிமையற்றவர் என எல்லோரும் கை நீட்டினர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணம் முடங்கிக் கிடந்தது. முடங்கிய பணமோ வட்டியால் வளர்ந்தது. தருமங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சியதைக் கல்விக்கு ஆக்கலாம் என வழி பிறந்தது. அதற்கு முன்னின்றவர் அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் நார்ட்டன். 1842 சனவரி முதல் நாள் சென்னையில் பள்ளி திறக்கப்பட்டது. 1889-இல் அது கல்லூரியாக உயர்ந்தது.

காஞ்சியிலும் பச்சையப்பன் பெயரால் பள்ளி எழுந்தது. நெசவாளர் இல்லத்தில் பிறந்த அண்ணாதுரை அங்கே பயின்று, பின் சென்னையில் அதே பெயர் தாங்கிய கல்லூரியை அடைந்தார், 1967-இல் முதலமைச்சரானார்.

ஒன்றை மட்டும் நம் வாசகர்க்குச் சொல்லியாக வேண்டும். இந்துக்களின் அறப்பொருள் என்பதால் சென்னைக் கல்லூரியில் இந்து மாணவர்க்கே இடம் இருந்தது. கிறிஸ்தவரும் இசுலாமியரும் சேர இயலாது. அக்கதவு 1947-இல் திறந்தது. காஞ்சியில் அவர் பெயரால் ஆடவர் கல்லூரி தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.