நல்ல ஸ்பீக்கர் என்ன விலை?

எங்கட வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கவேணும். ஒருத்தர் சில லட்சம் ரூபாய் பெறுமதியான இறக்குமதிப் பெட்டிகளைக் காட்டி, "காசுக்கேத்த சத்தம் மச்சான்" என்றார். உண்மையா? விடை தேடிப் போன நாங்கள் மன்னாரின் ஒலி வரலாற்றுக்குள்ள போய் நின்றோம்.

முதலில் றேடியோ. கொழும்பில் 1925இலும் திருச்சியில் 1939இலும் வானொலி தொடங்கியது. மத்திய அலை கடல்நீர் மேல் நன்றாகப் பயணிக்கும். தலைமன்னார்க் கரையில இரண்டு நாட்டுப் பாட்டும் கேட்டது. ஆனால் அந்த ஒலிபரப்பில் சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி அநேகமாக வராது. மனிதக் காதோ 20,000 வரை கேட்கும். வராத ஒலியை எந்த விலை ஸ்பீக்கராலும் தரமுடியாது.

அடுத்தது திருவிழாக் கூம்பு. வீட்டுப் பெட்டி ஸ்பீக்கர் தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 1 சதவீதத்தைத்தான் ஒலியாக்கும். கூம்பு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் தரும். இசை கரகரக்கும், ஆனா சொல் ஊர் எல்லைவரை போகும். அதற்கு அதுதான் நல்ல ஸ்பீக்கர்.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் கசற் றேடியோக்கள் வந்தன. பெட்டி வாங்கக் காசில்லாத பெடியள் ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்தினார்கள். கோனின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் அடித்தொனி அழிந்துபோகும். பானை பின்பக்க ஒலியை அடைத்துவைக்கும், 'பேஸ்' எழும்பும். விலைகூடின மரப்பெட்டி செய்வதும் அடிப்படையில் இந்த வேலைதான்.

1990 ஒக்ரோபரில் அதே ஒலிபெருக்கி வேறொன்றைச் சொன்னது. மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போகவேணும் என்ற புலிகளின் அறிவிப்பு அதன் வழியாகத்தான் வந்தது. வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டித் தோழன் ஒருவனின் உம்மும்மா, கணவர் சவூதியிலிருந்து பேசி அனுப்பிய கசற்றை வீட்டோடு விட்டுவிட்டுப் போனார். றேடியோவை அவர் பிறகு வாங்கிவிட்டார். அந்தக் குரலை வாங்க முடியவில்லை.

பெருநிலத்தில் பொருளாதாரத் தடை வந்தது. பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, 6 வோல்ற் டைனமோவில் செய்தி கேட்டார்கள். டைனமோ தருவது 3 வாற்தான். ஆனா ஒரு முற்றமே சுற்றியிருந்து கேட்டது.

சரி, இன்றைய லட்ச ரூபாய்ப் பெட்டி? 1994இல் புளோயிட் டூலும் ஷான் ஒலிவும் 40 பேருக்கு நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கக் கொடுத்தார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது சின்ன, மலிவான தொகுதிக்குக் குறைந்த புள்ளி. திரைக்குப் பின்னால் வைத்தபோது பெரியவற்றுக்கும் அதற்கும் இடையிலான தூரம் நன்றாகச் சுருங்கியது. காது கேட்டதைக் கண் மாற்றியிருக்கு.

விலைகூடின ஸ்பீக்கர் எல்லாம் ஏமாற்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆழமான அடித்தொனி, உரக்க வைத்தாலும் சிதறாத ஒலி, இவற்றுக்குக் காசு தேவை. மலிவான பெட்டியிலிருந்து நடுத்தர விலைப் பெட்டிக்குப் போகும்போது வித்தியாசம் யாருக்கும் கேட்கும். அதற்கு மேலே போகப் போக விலை பாயும், ஒலி ஊரும். எங்கட அறையோ சீமெந்துச் சுவர், தகரக் கூரை. எதிரொலியே பாதி ஒலியைக் குழப்பிவிடும். தடித்த திரைச்சீலை தொங்கவிட்டால், சில ஆயிரம் ரூபாயில் பெரிய மாற்றம். கடற்காற்றின் உப்பும் ஈரமும் விலை பார்த்து அரிப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

அதனால் நடுத்தர விலையில் ஒரு சோடி வாங்குகிறோம். மிச்சக் காசில் ஒரு நல்ல கசற் டெக்கும், கணினியில் பதியும் கருவியும். ஊர் வீடுகளில் அண்ணாவிமார் பாடின கூத்துக் கசற்றுகள் இன்னும் கிடக்கு. நாடாவின் காந்தப்பூச்சு வருடா வருடம் உதிருது. உங்கட வீட்டு அலுமாரியிலயும் ஒன்று கிடந்தால், கழுவிப் போட முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ.