தள்ளுதற்சீட்டும் திருச்சபையும்: தென்னாற்காட்டுச் சபைகளும் கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டமும்

திருமணத்தின் மேன்மையைக் குறித்து நம் பிரசங்க பீடங்கள் அடிக்கடி பேசுகின்றன. மணமுறிவைக் குறித்தோ அவை பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. இம்மௌனத்திற்கு வேத ஆதாரம் உண்டென்று நாம் எண்ணி வந்திருக்கிறோம். ஆயினும் வரலாற்றை ஆராயின், அதில் ஒரு பகுதி வேதத்தினின்று வந்ததன்று, 1869-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தினின்று வந்தது என்பது புலனாகும். அச்சட்டம் 132 ஆண்டுகள் பெரிய மாறுதலின்றி நம் குடும்பங்களை ஆண்டது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துச் சபைகளைக் கண்முன் நிறுத்திக்கொண்டு, அச்சட்டம் தோன்றிய வகையையும், நடந்த வகையையும், மாறிய வகையையும், அதில் திருச்சபைக்குரிய பொறுப்பையும் இக்கட்டுரையில் காண்போம்.

அடைபட்ட வாசல்

பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் வடபகுதியாகிய திண்டிவனம் வட்டாரத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் பணியாற்றியது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் 1853-இல் நிறுவிய அம்மிஷனின் வழிவந்த சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையின் அங்கமாயின. விழுப்புரம், திருக்கோவிலூர் பகுதிகளில் டேனிஷ் மிஷனெரி சங்கம் ஊழியம் செய்தது. அவ்வூழியத்தின் கனியே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இவ்விரு மிஷன்களின் கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களுள் மிகப் பலர், தாழ்த்தப்பட்ட வகுப்புகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து ஞானஸ்நானம் பெற்ற ஏழை உழைப்பாளிகள்.

இவர்கள் பிறந்து வளர்ந்த சமூகத்தில் மணமுறிவு அறியப்படாத ஒன்றன்று. தமிழ்நாட்டின் உழைக்கும் வகுப்பினர் பலரிடையே, ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்தில் கூடி, இருதரப்பு வழக்கையும் கேட்டு, பரிசத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்து மணத்தைத் தீர்த்துவிடும் வழக்கம் இருந்தது. தீர்க்கப்பட்ட பெண் மறுமணம் செய்துகொள்வதை 'அறுத்துக் கட்டுதல்' என்று வழங்கினர். அப்பஞ்சாயத்து நீதி குறையற்றதன்று. அங்கும் ஆணின் குரலே உரத்து ஒலித்தது. எனினும், அடிபட்ட பெண்ணுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வாசலை அது திறந்து வைத்திருந்தது.

கிறிஸ்தவத் திருமணத்தோடு அவ்வாசல் அடைபட்டது. 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நடந்த மணத்தைப் பஞ்சாயத்து கலைக்க இயலாது. கலைந்துவிட்டதாக நம்பி மறுமணம் செய்பவர், அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 494-ஆம் பிரிவின்படி இருமணக் குற்றத்திற்கு ஆளாகக்கூடியவராயிருந்தார். ஆகவே புதிய விசுவாசி தன் மணவாழ்வு முறிந்தபோது அரசாங்கச் சட்டம் ஒன்றையே நாட வேண்டியவரானார்.

இரு சட்டங்கள், இரு நோக்குகள்

கிறிஸ்தவர்களின் மணமுறிவு பற்றி அரசாங்கம் மூன்றாண்டு இடைவெளியில் இரு சட்டங்களை இயற்றியது. முதலாவது, 1866-ஆம் ஆண்டு மதம் மாறியோர் மணக்கலைப்புச் சட்டம். வைசிராயின் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த ஹென்றி மெயின் இதை முன்னின்று நிறைவேற்றினார். கணவனோ மனைவியோ கிறிஸ்தவராக, அதன் காரணமாக மற்றவர் 6 மாதம் கைவிட்டிருந்தால் அவர் நீதிமன்றத்தை அணுகலாம். நீதிபதி மற்றவரை அழைத்து நேரே விசாரிப்பார். சேர்ந்து வாழ மறுப்பாரானால், வழக்கை ஓராண்டு ஒத்தி வைப்பார். அதன்பின்னும் மறுப்பாரானால் மணம் கலைக்கப்படும். அவ்வாறு கலைந்தாலும் பிள்ளைகளின் சட்டபூர்வ நிலைக்குக் குறைவு நேராது.

1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில், அவிசுவாசியான துணை பிரிந்து போனால் விசுவாசி அடிமைப்பட்டிருப்பதில்லை என்று பவுல் கூறும் ஆலோசனையின் சாயல் இச்சட்டத்தில் தெரிகின்றது. இதில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை வழங்கப்பட்டது, கைவிடப்படுதல் என்பதே போதுமான காரணமாக ஏற்கப்பட்டது.

இரண்டாவது சட்டமாகிய 1869-ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம் இவ்விரண்டையும் கைவிட்டது. இங்கிலாந்தில் 1857-இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்பற்றிய இது, கணவனுக்கு ஒரு நீதியும் மனைவிக்கு வேறொரு நீதியும் வகுத்தது. மனைவி விபசாரம் செய்தாள் என்று மெய்ப்பித்தால் கணவனுக்கு விடுதலை கிடைக்கும். மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அதனோடு கொடுமையையோ, 2 ஆண்டு கைவிடுதலையோ, இருமணத்தையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். நாள்தோறும் அடிக்கும் கணவன் பிற பெண்ணை நாடாதவனாயின், அவள் நீதிமுறைப் பிரிவினை பெற்றுத் தனித்து வாழலாமேயன்றி மணவிடுதலை பெற இயலாது.

பிள்ளைகளின் பாதுகாப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றைக் குறித்து ஆணையிட இச்சட்டம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்தது, அது நன்றே. ஆனால் 'மைனர் பிள்ளைகள்' யார் என்று அது விளக்கிய முறை வருந்தத்தக்கது. இந்தியத் தந்தையின் மகனாயின் 16 வயது நிறையும் வரை, மகளாயின் 13 வயது நிறையும் வரை. மற்றையோரின் மணமாகாத பிள்ளைகளாயின் 18 வயது நிறையும் வரை. ஒரே சட்டத்தின் கீழ், ஐரோப்பியரின் மகள் 17 வயதிலும் குழந்தை. திண்டிவனத்து விசுவாசியின் மகள் 13 வயது முடிந்தவுடன் குழந்தையல்லள்.

கடலூரும் சென்னையும்

சட்டத்தின் வாசகத்தைப் போலவே அதன் நடைமுறையும் ஏழைக்கு எட்டாததாயிருந்தது. 1993-இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை, தென்னாற்காட்டின் தலைநகரும் மாவட்ட நீதிமன்றத்தின் இருப்பிடமும் கடலூரே. திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில், நாட்கூலிக்கு நாற்று நடும் பெண்ணொருத்தி இச்சட்டத்தை நாடுவதாக எண்ணிப் பார்ப்போம். அவள் கூலி வேலையை விட்டு, கைக்குழந்தையோடு கடலூருக்குப் பயணப்பட வேண்டும். வழக்கறிஞர் அமர்த்த வேண்டும். கணவனின் ஒழுக்கக்கேட்டைச் சாட்சி வைத்து நிலைநாட்ட வேண்டும். அவ்வளவும் செய்து தீர்ப்புப் பெற்றாலும் அது முடிவான தீர்ப்பன்று. மாவட்ட நீதிபதியின் மணக்கலைப்புத் தீர்ப்பைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் உறுதி செய்தல் வேண்டும்; அதுவும் 6 மாதம் கழிந்த பின்னரே. வேறெந்த உரிமை வழக்கிலும் காணாத இத்தடை, எதிர்ப்பாரில்லாத வழக்கிற்கும் உண்டு.

இத்தகைய பெண் என் செய்வாள்? வழக்குத் தொடராமலே தாய்வீடு சேர்வாள். பிள்ளைகளில் ஆணைத் தகப்பன் வைத்துக்கொள்வான். பெண்ணை அவள் சுமந்து வருவாள். பெயரளவில் மனைவி, நிலையில் விதவை. சபைப் பதிவேடு அவளைக் குறித்து ஒன்றும் சொல்லாது.

அண்டை வீட்டாரும் நாமும்

இங்கிலாந்து தன் சட்டத்தை 1923-இல் திருத்தி, கணவன் மனைவி இருவரையும் சமமாக்கிற்று. 1937-இல் கொடுமையையும் கைவிடுதலையும் தனிக் காரணங்களாக ஏற்றது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கோ அதன் பழைய சட்டமே எஞ்சி நின்றது. சென்னை மாகாணம் 1949-இல் இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை வழங்கியது. 1955-இன் இந்து திருமணச் சட்டம் அவ்வுரிமையை நாடு முழுவதற்கும் விரித்ததோடு, வழக்காற்று மணமுறிவையும் காத்தது. 1976-இன் திருத்தம் கொடுமை, கைவிடுதல், இருவரின் இசைவு ஆகியவற்றால் விடுதலை பெறும் வழியைத் திறந்தது. ஒரே ஊரில் வாழும் இரு சகோதரிகளுள் ஒருத்தி இந்துவாயும் மற்றவள் கிறிஸ்தவளாயும் இருப்பின், அதே துன்பத்திற்கு முன்னவளுக்கு 1976-இல் கிடைத்த பரிகாரம் பின்னவளுக்குக் கிடைக்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின. நற்செய்தியை ஏற்றதற்காக ஒரு பெண் செலுத்திய விலையென்றே இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

மாற்றம் வந்த விதம்

நம் பெண்கள் வாளாவிருந்தாரல்லர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் சமத்துவ உரிமையைச் சுட்டிக்காட்டி ஒரு கிறிஸ்தவப் பெண்மணி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 1953-இல் அம்மன்றம் அவர் வாதத்தை ஏற்க மறுத்தது. மனைவியின் பிழையால் பிறக்கும் பிள்ளையைக் கணவன் காக்க நேரிடும், கணவனின் பிழைக்கு அவ்விளைவில்லை என்பது அத்தீர்ப்பின் நியாயம். தந்தையால் கைவிடப்பட்டுத் தாயோடு பசித்திருக்கும் பிள்ளையின் நியாயம் அங்கு எடைபோடப்படவில்லை.

சட்ட ஆணையம் 1960, 1961 ஆண்டுகளின் அறிக்கைகளில் புதிய சட்டத்தைப் பரிந்துரைத்தது. 1962-இல் நாடாளுமன்றத்திற்கு வந்த மசோதா சட்டமாகாமலே போயிற்று. 1983-இல் ஆணையம் தன் 90-ஆவது அறிக்கையில் 10-ஆம் பிரிவின் சமத்துவமின்மையை நீக்கும்படி மீண்டும் வற்புறுத்தியது. 1985-இல் உச்ச நீதிமன்றமும் திருமணச் சட்டங்களைச் சீர்ப்படுத்த வேண்டிய தேவையை எடுத்துரைத்தது. 1995-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, கொடுமைக்கும் கைவிடுதலுக்கும் விபசாரத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டுமென்ற நிபந்தனை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. இறுதியாக 2001-ஆம் ஆண்டின் 51-ஆவது சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் காரணங்கள் சமமாயின. கொடுமையும் 2 ஆண்டு கைவிடுதலும் தனித்தனியே போதுமானவையாயின. உயர் நீதிமன்ற உறுதிப்பாடு நீங்கியது. இருவரின் இசைவால் பிரியும் வழி புகுத்தப்பட்டது.

இம்மாற்றத்தில் திருச்சபையின் பங்கு யாது? 1990-களில் திருச்சபைகளும் கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளும் இணைந்து வரைவு மசோதாக்களை அரசாங்கத்திடம் அளித்தமை நன்றியோடு நினைக்கத்தக்கது. ஆயினும் அதற்கு முந்திய நூறாண்டுக் காலம் நாம் சட்டத்தின் கடுமையையே சுவிசேஷத்தின் தூய்மையென்று மயங்கியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மத்தேயு 19-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் தள்ளுதற்சீட்டைப்பற்றிப் பேசியது, எந்த முகாந்தரத்திற்கும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று கேட்ட ஆடவரிடத்திலாகும். தள்ளப்படுகிறவளைக் காக்கும் அவ்வார்த்தையை, அடிபடுகிறவளை அடைத்து வைக்கும் பூட்டாக நாம் மாற்றிவிடலாகாது.

போதகர் அறிய வேண்டுவன

வரலாறு கற்பிக்கும் பாடம் நம் திருப்பணியில் விளங்க வேண்டுமாதலின், கிராமப் போதகர்களுக்குப் பயன்படும் சிலவற்றைக் கூறி முடிப்போம்.

முதலாவது, சபைப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் எழுதிக் கையொப்பமிடும் விடுதலைப் பத்திரம் கிறிஸ்தவத் திருமணத்தைக் கலைக்காது. திருச்சபை வழங்கும் மணக்கலைப்பு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஈடாகாதென்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவுபடுத்தியுள்ளது. அத்தகைய பத்திரத்தை நம்பி மறுமணம் நடத்தி வைக்கும் போதகர், அப்பெண்ணையும் அவள் பெறும் பிள்ளைகளையும் பெருந்தொல்லைக்கு உட்படுத்துகிறார்.

இரண்டாவது, வழக்கை எங்குத் தொடுப்பது என்பது. திருமணம் நடந்த இடம், தம்பதியர் வசிக்கும் இடம், இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றுள் ஒன்று எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் அமைகிறதோ அங்குத் தொடுக்கலாம். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார் இன்று கடலூருக்குப் போக வேண்டியதில்லை. பெண்களும் குழந்தைகளும், வருமானம் எவ்வளவாயினும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச வழக்கறிஞர் உதவி பெறத் தகுதியுடையோர்.

மூன்றாவது, மணமுறிவு வேறு, ஜீவனாம்சம் வேறு. மணத்தைக் கலைக்க விரும்பாத மனைவியும், தன்னைத் தானே காத்துக்கொள்ள இயலாதவளாயின், தனக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் கோரிக் குற்றவியல் நடுவரை நாடலாம். முன்பு 125-ஆம் பிரிவு என்று அறியப்பட்ட அவ்வுரிமை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் 144-ஆம் பிரிவாக உள்ளது. அடிபடும் பெண் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்பையும், வசிக்கும் உரிமையையும், பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்திருக்கும் ஆணையையும் கோரலாம்.

நான்காவதும் முதன்மையானதும் பிள்ளைகளைப் பற்றியது. பிள்ளை தகப்பனின் சொத்துமன்று, தாயின் ஆயுதமுமன்று. 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் மைனரின் நலத்தையே நீதிமன்றம் நோக்க வேண்டுமென்று கூறுகிறது. விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருத இடமளிக்கிறது. வழக்கு நடக்கும் காலத்தில் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் செய்யும் விண்ணப்பத்தை இயன்றவரை 60 நாளில் முடிக்க வேண்டுமென்பது 2001-ஆம் ஆண்டுத் திருத்தம். பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எந்நாட்களில் வந்து காண்பது, பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவது என்பவற்றை வழக்குக்கு முன்னரே இருவரும் அமர்ந்து பேசி எழுதிக்கொள்ளப் போதகர் துணை செய்யலாம். நீதிமன்றம் ஏற்குமாயின் அவ்வுடன்பாடு பிள்ளைக்குப் பெரும் பாதுகாப்பாகும்.

உடைந்ததைப் பொருத்த முயலுதல் நம் முதற்கடமை என்பதில் ஐயமில்லை. கோபத்தால் பிரிந்தவரைச் சேர்த்து வைத்த போதகர் பாக்கியவான். ஆனால் உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவளை, பொறுத்துக்கொள் மகளே என்று அதே வீட்டிற்குத் திருப்பி அனுப்புதல் ஒப்புரவாக்குதல் அன்று. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் அப்பெண்ணைக் கடலூருக்கும் சென்னைக்கும் அலைய வைத்தது. இன்று அச்சட்டம் மாறிவிட்டது. அவள் முதலில் வந்து நிற்பதோ இன்றும் போதகர் இல்லத்து வாசலில்தான். அங்கு அவளும் அவள் பிள்ளைகளும் எத்தகைய பதிலைப் பெறுகின்றனர் என்பதே நம் சபைகள் ஆராய்ந்து பார்க்க வேண்டிய கேள்வியாகும்.