வலைவழிக் கோப்புகளில் பழைய பிரதிச் சிக்கல்: ஒரு வரலாறு

வேறொரு கணினியில் உள்ள கோப்புகளை நம் கணினியில் இருப்பவை போலவே திறந்து பயன்படுத்த உதவும் ஏற்பாடு வலைவழிக் கோப்பு முறைமை எனப்படும். ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டால் வேலை தாமதமாகும். எனவே நம் கணினி ஒருமுறை படித்த கோப்பின் பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதுவே கேஷ். சர்வரில் கோப்பு மாறிய பிறகும் கேஷில் பழைய பிரதி இருந்தால் சிக்கல்தான்.

மணப்பாட்டுக் கரையில் காலை ஏலத்தின் மீன் விலையை ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகிறார் என்று கொள்வோம். அதற்குள் கரையில் விலை மாறிவிடுகிறது. நோட்டில் பழைய விலையே இருக்கிறது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒவ்வொரு விற்பனைக்கு முன்பும் கரைக்குப் போன் செய்து கேட்கலாம். குறித்த விலையைச் சிறிது நேரம் மட்டும் நம்பலாம். அல்லது விலை மாறினால் கரையில் இருப்பவரையே கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாம். கணினி வரலாற்றில் இம்மூன்றும் நடந்துள்ளன.

1980களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமை முதலில் முதல் வழியைப் பின்பற்றியது. கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினிகள் சர்வரிடம் கேட்டன. சர்வர் திணறியது, ஒரு சர்வரால் சுமார் 20 பேருக்கே ஈடுகொடுக்க முடிந்தது. அடுத்த பதிப்பு மூன்றாம் வழிக்கு மாறியது. கோப்பு மாறினால் சர்வரே தகவல் சொல்லும். இதற்குக் கால்பேக் என்று பெயர். இதனால் ஒரு சர்வரால் சுமார் 50 பேரைத் தாங்க முடிந்தது. இப்பணியில் முக்கியப் பங்காற்றியவர் சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன். இக்குழுவுக்கு 2016ஆம் ஆண்டின் ஏசிஎம் மென்பொருள் முறைமை விருது கிடைத்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1985இல் வெளியிட்ட என்எஃப்எஸ் இரண்டாம் வழியைத் தேர்ந்தது. லினக்ஸில் கோப்பைப் பற்றிய விவரங்கள் வழக்கமாக 3 முதல் 60 விநாடி வரை நம்பப்படும். கோப்பை மூடும்போது மாற்றங்கள் சர்வருக்குச் செல்லும். மீண்டும் திறக்கும்போது சரிபார்க்கப்படும். எனவே பழைய தகவல் தெரிந்தால், எழுதியவர் கோப்பை மூடிவிட்டாரா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு நாம் மூடித் திறக்க வேண்டும். 'நோஏசி' என்ற அமைப்பு விவரக் கேஷை நிறுத்தும். ஆனால் வேகம் வெகுவாகக் குறையும்.

இருவர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதினால் இவை எதுவும் போதாது. ஆண்ட்ரூவில் கடைசியாக மூடியவரின் பிரதியே நிலைக்கும். மற்றவரின் உழைப்பு சத்தமின்றி அழிந்துவிடும். அங்கே கோப்புப் பூட்டு அவசியம்.