கொலராடோ பீடபூமியில் வசந்தகால நடைப்பயணம்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில் பரந்து கிடக்கிறது கொலராடோ பீடபூமி. ஆறுகள் பாறை அடுக்குகளை அறுத்து இறங்கியதால் உண்டான ஆழ்பள்ளத்தாக்குகள் நிறைந்த வறண்ட நிலம் இது. கிராண்ட் கேன்யன், சீயோன், கேன்யன்லாண்ட்ஸ் முதலிய தேசியப் பூங்காக்கள் இங்கே உள்ளன. கோடை வெயில் ஏறுவதற்கு முந்திய மார்ச் முதல் மே வரையான மாதங்களை நடைப்பயணிகள் விரும்புகிறார்கள். வானிலை சொல்லாமல் கொள்ளாமல் மாறுவதும் இந்த மாதங்களில்தான்.

இங்கே பருவத்தை நாட்காட்டி பாதி சொன்னால் மீதியை உயரம் சொல்லும். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர். அடியில் ஓடும் கொலராடோ ஆறு ஏறத்தாழ 750 மீட்டர். ஏப்ரலில் விளிம்பில் பனி விழும் நாளிலேயே ஆற்றங்கரையில் கள்ளி பூத்திருக்கும். காலையில் பாதையின் மேல் வளைவுகளில் பனிக்கட்டி வழுக்கும், காலணியில் முள்பட்டை மாட்ட வேண்டிவரும். நடுப்பகலில் கீழே வெயில் சுடும். தெற்கு கைபாப் பாதையில் நிழல் அரிது, குடிநீர் கிடையாது. பிரைட் ஏஞ்சல் பாதையில் குழாய்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், வசந்தத்தின் தொடக்கத்திலும் திறந்திருக்காது. இறங்கியதைப்போல் இருமடங்கு நேரம் ஏற ஆகும் என்று கணக்கிட்டே புறப்பட வேண்டும்.

பாலைவனம் என்றதும் வெயிலுக்கு மட்டும் ஆயத்தமாவது பெரும் பிழை. பசிபிக் பக்கமிருந்து வரும் குளிர்காற்று முதலில் மணலை வாரி இறைக்கும். பிறகு மழை, சிலசமயம் ஆலங்கட்டி, பனி. நனைந்த பருத்தி உடையோடு அந்தக் காற்றில் நின்றால் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கம்பளி உள்ளாடையும் மழைச்சட்டையும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

குறுகிய பாறை இடுக்குகளில் வெள்ளமே முதல் அச்சம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் கீழ் ஆன்டிலோப் இடுக்கில் 11 பேர் இறந்தார்கள். அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த மழை பல கிலோமீட்டர் தொலைவில் பெய்தது. அது கோடை மழை. வசந்தத்தில் மலைப்பனி உருகியும் நீர் ஏறும். வர்ஜின் ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் சீயோனின் நாரோஸ் இடுக்கை மூடிவிடுகிறார்கள்.

கூடாரம் அடிக்குமுன் பாறைச் சுவரை அண்ணாந்து பார்க்க வேண்டும். மேலே சருகும் கட்டையும் சிக்கியிருந்தால் வெள்ளம் அதுவரை ஏறியிருக்கிறது. மணலில் முளைகள் நிற்காது. கயிற்றைக் கற்களில் கட்டுவதே உறுதி. கருத்துப் பொருக்காகத் தெரியும் மண்ணில் கால் வைக்கக் கூடாது: நுண்ணுயிர்கள் பிணைத்து வளர்த்த அந்த மேலோடு மிதிபட்டால் மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். வெறும் பாறையோ ஓடைமணல் படிந்த மேட்டுத்திட்டோ தங்க ஏற்றது. கிராண்ட் கேன்யன் விளிம்புக்குக் கீழே இரவு தங்க அனுமதிச்சீட்டு வேண்டும். விறகுத் தீ மூட்டத் தடை.

மழைக்குப்பின் பாறைக் குழிகளில் தேங்கும் நீரில் சிற்றிறால்கள் நீந்தும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த முட்டைகள் அந்த ஈரத்தில் பொரிந்தவை. வெயில்களிம்பு பூசிய உடலோடு அக்குழிகளில் இறங்கினால் அவற்றின் நீர் கெடும். தாகத்துக்கு ஆழமான குழியிலிருந்து மட்டும் பாத்திரத்தால் மொண்டு, வடிகட்டிக் குடிக்க வேண்டும்.