நிலவு, பாட்டில் சில்லு, தர்பூசணி

செகாவ் பெயரில் ஒரு வாசகம் இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நிலவு காய்கிறது என்று சொல்லாதே, உடைந்த கண்ணாடியில் அது மினுங்குவதைக் காட்டு என்கிற மாதிரி. சிறுகதைப் பட்டறை என்றால் முதல் அரைமணி நேரத்துக்குள் இது வந்துவிடும். இந்தச் சொற்களில் செகாவ் இதை எழுதவில்லை. அவர் எழுதியது ஒரு கடிதம். அதற்கு ஒரு முன்கதையும் உண்டு, பின்கதையும் உண்டு. பின்கதையைத்தான் யாரும் பகிர்வதில்லை.

முன்கதை இது. 1886-இல் செகாவுக்கு 26 வயது. டாக்டர் படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடும்பத்தைக் காப்பாற்றப் பத்திரிகைகளுக்கு எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று பீட்டர்ஸ்பர்கிலிருந்து வந்த 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை வார இதழ். அந்தப் பெயருக்குச் 'சில்லுகள்' என்று பொருள். அங்கே ஒரு கதைக்குக் கிடைத்த இடம் ஏறத்தாழ 100 வரி. அதற்குள் ஆள், இடம், சம்பவம், முடிவு எல்லாம் வந்தாக வேண்டும். துர்கனேவ் மாதிரி காட்டையும் வானத்தையும் பக்கம் பக்கமாக எழுத வழியில்லை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மெமரி குறைந்த கருவிக்கு எழுதும்போதுதான் எது நிஜமாகவே தேவை என்று உறைக்கும். செகாவுக்கு அந்த 100 வரி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த வருடம் மே மாதம் அண்ணன் அலெக்சாந்தருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அண்ணனும் கதை எழுதுகிறவர். இயற்கை வர்ணனை ரொம்பச் சின்னதாக இருக்கட்டும், அஸ்தமனச் சூரியன் அலையில் குளிக்கிற பழைய சரக்கையெல்லாம் தூக்கிப் போடு என்கிறார். மில் அணைக்கரையில் ஒரு பாட்டில் சில்லு நட்சத்திரம் போல் மின்னியது, நாயோ ஓநாயோ ஒரு கறுப்பு நிழல் பந்து மாதிரி உருண்டு போனது என்று எழுதினால் நிலா இரவு தானாக வந்துவிடும் என்கிறார். பட்டறைகளில் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் கடிதம் நிற்கவில்லை. மனித மனத்துக்கும் இதே விதிதான் என்று தொடர்கிறது. பாத்திரத்தின் மனநிலையை விவரிக்காதே, அவன் செய்கையிலிருந்து அது தெரியட்டும். என்னைக் கேட்டால், நிலவைவிட முக்கியமான பகுதி இதுதான்.

அந்தச் சில்லு கடிதத்துக்காக யோசித்த உதாரணமும் அல்ல. அதே வருடம் மார்ச்சில் வெளியான கதையில் அது ஏற்கெனவே இருக்கிறது. பின்னாளில் திருத்தி 'ஓநாய்' என்று பெயர் மாற்றிய கதை. உடல்பலத்துக்குப் பேர்போன நீலோவ் இரவில் அணைக்கரையில் நிற்கிறான். நிழல் துளிகூட இல்லாமல் எங்கும் நிலவு. நடுவில் உடைந்த பாட்டிலின் கழுத்து மின்னுகிறது. அடுத்து அங்கே வருவது வெறிபிடித்த ஓநாய். ஒளிந்துகொள்ள இடமே இல்லை என்பதை அந்த வெளிச்சம் முன்னாடியே சொல்லிவிட்டது. வெறும் கையால் ஓநாயின் கழுத்தைப் பிடித்தவன், கடிபட்ட பிறகு பயத்தில் டாக்டரிடம் ஓடுகிறான். செகாவின் புகழ்பெற்ற துப்பாக்கி மாதிரி இந்தப் பாட்டில் கடைசியில் வெடிக்காது. அதற்குக் கதையில் வேலையே கிடையாது. ஆனாலும் அதை எடுத்துவிட்டால் அந்த அணைக்கரை செத்துப்போகும்.

இப்போது பின்கதை. பத்து வருடம் கழித்து, 1896-இல் 'கடற்பறவை' நாடகம் மேடையேறுகிறது. அதில் த்ரெப்லெவ் என்ற இளம் எழுத்தாளன் தன் கைப்பிரதியைப் படித்துப் படித்து அடித்துக்கொண்டிருக்கிறான். பிரபல எழுத்தாளர் திரிகோரினுக்கு என்ன, முறைகளெல்லாம் கைவசம் இருக்கின்றன என்று பொருமுகிறான். அணைக்கரையில் பாட்டில் கழுத்தை மின்ன விட்டு, ஆலைச் சக்கரத்தின் நிழலைப் போட்டால் அவருக்கு நிலா இரவு ரெடி. தனக்கோ நடுங்கும் ஒளியும் தூரத்துப் பியானோவும்தான் வருகின்றன.

கவனியுங்கள், அது செகாவின் சொந்தப் பாட்டில். அதைத் தூக்கித் திரிகோரின் கையில் கொடுத்துவிட்டார். மேகத்தைப் பார்த்தால்கூடப் பியானோ மாதிரி இருக்கிறது, கதையில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கும். நன்றாக ஓடுகிற ஒரு கோட் துண்டை ஆளாளுக்குக் காப்பி பண்ணிக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படிமமும் அப்படித்தான் ஃபார்முலா ஆகிறது. தன் கண்டுபிடிப்பு ஃபார்முலா ஆனதைச் செகாவே பார்த்துவிட்டார், அதைப் பொதுமேடையில் சொல்லவும் செய்தார்.

சரி, அப்புறம் என்ன செய்தார்? 1899-இல் வந்த 'நாய்க்காரச் சீமாட்டி'யைப் பாருங்கள். யால்டாவில் ஓட்டல் அறை. அன்னா முதல்முறையாகக் குரோவுடன் இருந்துவிட்டு, குற்றவுணர்ச்சியில் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். மேசையில் தர்பூசணி. குரோவ் ஒரு துண்டு வெட்டி நிதானமாகச் சாப்பிடுகிறான். அரைமணி நேரம் அமைதி. கல்நெஞ்சன் என்று ஒரு பெயரடைகூட அங்கே கிடையாது, தேவையும் இல்லை. இந்தத் தர்பூசணியை வேறு கதைக்குள் காப்பி பண்ண முடியாது. அந்த ஆள், அந்த அறை, அந்த நிமிடம் மூன்றும் சேர்ந்தால்தான் அது கொடூரம். தனியாக எடுத்தால் வெறும் பழம்.

பிறகு குரோவ் மாஸ்கோ திரும்புகிறான். அவளை மறக்க முடியவில்லை. கிளப்பிலிருந்து கிளம்பும்போது தெரிந்தவர் ஒருவரிடம் யால்டாவில் பார்த்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வாயெடுக்கிறான். அவரோ நீங்கள் சொன்னது சரிதான், மீன் நாறித்தான் போயிருந்தது என்கிறார். அந்தச் சாதாரணப் பேச்சு அவனுக்குத் தாங்கவில்லை. அவளைத் தேடி அவள் ஊருக்கே போகிறான். வீட்டுக்கு எதிரே நீளமான சாம்பல் நிற வேலி, ஆணி அடித்தது. அதன் முன்னால் அங்குமிங்கும் நடந்து நடந்து அந்த வேலியையே வெறுக்கிறான்.

பழம் சாப்பிட்டவனும் வேலி முன்னால் தவிக்கிறவனும் ஒரே ஆள்தான். இடையில் நடந்ததைப் பிரசங்கம் இல்லாமல் பழமும் மீனும் வேலியும் காட்டிவிடுகின்றன. அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் பாதியை அவர் முழுசாகச் செய்துகாட்டப் பதின்மூன்று வருடம் ஆனது. பாட்டில் சில்லை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், செகாவே கொடுத்துவிட்டார். வேலியை ஒவ்வொருவரும் அவரவர் கதையில்தான் தேட வேண்டும்.