பாத்திக் துணி வித்து நிலம் வாங்கின ஓவியர்கள்

1974 செப்டம்பர்ல, மாஸ்கோவுல ஒரு காலி இடத்துல ஆஸ்கார் ராபினும் நண்பர்களும் தங்களோட ஓவியங்களைக் காட்சிக்கு வெச்சாங்க. சோவியத் அரசு புல்டோசரை அனுப்புச்சு. 'புல்டோசர் கண்காட்சி'ன்னே பேர் நின்னுருச்சு.

நம்ம ஊர்ல வேற மாதிரிங்க. இஷ்டத்துக்கு வரையலாம், வாங்கத்தான் ஆள் இருக்காது. அந்தச் சிக்கலுக்கு வழி தேடினவர், 1911ல நம்ம கோயம்புத்தூர்ல பிறந்த ஒரு மலையாளி. கே.சி.எஸ். பணிக்கர்.

தந்தித் துறையில வேலை பார்த்துட்டு, 1936ல, 25 வயசுலதான் மெட்ராஸ் ஓவியப் பள்ளியில சேர்றார். மெரினா உழைப்பாளர் சிலையைச் செஞ்ச ராய் சௌத்ரி அப்ப அங்க முதல்வர். 1957ல அந்த நாற்காலி பணிக்கருக்கே வந்தது. நடுவுல 1954ல லண்டன், பாரிஸ்ல கண்காட்சி. வான்கோ, மத்தீஸ் தாக்கம் அவர் நிறங்கள்ல நல்லாவே தெரியும்.

ஆனா பாரிஸைப் பார்த்து வரையறதும் ஒரு கீழ்ப்படிதல்தானே? 1963ல தொடங்கின 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அதுக்கான பதிலாத்தான் நான் பார்க்கிறேன். ஜாதகக் கட்டம், அல்ஜீப்ரா, மலையாள எழுத்து மாதிரி கிறுக்கல், நடுவுல மீன், பறவை. படிக்கப் போனா ஒரு வார்த்தையும் புரியாது. தினமும் லாக் ஃபைல் பார்க்கிற எனக்கு இது ரொம்பப் பழகின உணர்வு!

இன்னொரு பக்கம் சோறு. அவரோட மாணவர்கள் பாத்திக் துணி, கைவினைப் பொருள் செஞ்சு வித்தாங்க. சேர்ந்த பணத்துல ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில சுமார் 10 ஏக்கர் வாங்கி, 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை ஆரம்பிச்சாங்க. பகல்ல துணி, மிச்ச நேரம் ஓவியம். அரசையும் பணக்காரங்களையும் எதிர்பார்க்காத ஏற்பாடு. என் கணக்குல பணிக்கரோட பெரிய படைப்பே இதுதான்.

அதுக்காக அங்க எல்லாரும் தப்பிச்சுட்டாங்கன்னு இல்ல. கனவு மாதிரியான மாளிகைகளை வரைஞ்ச கே. ராமானுஜம் அந்தக் கிராமத்துல இருந்தவர்தான். 1973ல, முப்பதுகளோட தொடக்கத்துலயே, தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டார். பணிக்கர் 1977ல காலமானார்.

கிராமம் இன்னும் இருக்கு. ஈசிஆர்ல மாமல்லபுரம் போறப்ப இடது பக்கம். உள்ள அருங்காட்சியகமும் உண்டு, அடுத்த தடவை பைக்கை நிறுத்திட்டு ஒரு எட்டு பாருங்க.